நீர்யானையை ஏன் வகுப்பிலிருந்து விரட்டுகிறீர்கள்?



பெற்றோர் குழுவொன்றில் சுற்றும் அந்தக் குரல் பதிவை நாமும் கேட்டோம். "சேர், உயர்தர உயிரியல்ல அந்தக் கூர்ப்புப் பாடத்த மட்டும் விட்டுட்டு நடத்துங்க." பிள்ளை டொக்டராக வேண்டும், ஆனால் பாடத்தில் ஓர் அலகு வேண்டாம்! விட்ட அலகுக்குப் பரீட்சையில் யார் புள்ளி போடுவது?

பாடத்தில் என்னதான் இருக்கிறது? நீர்யானையை யானையின் சொந்தம் என்று எழுதும் பிள்ளைகள் வருடா வருடம் வருகிறார்கள். பெயர் செய்யும் வேலை அது. யானைக்கு நெருங்கிய உறவு மன்னார்க் கடலின் கடற்பசு. கடற்பசுவோ பசுவுக்கு உறவே இல்லை. நீர்யானைக்கு இன்று வாழும் மிக நெருங்கிய உறவு திமிங்கிலம்!

சிரிக்காதீர்கள். பாகிஸ்தானில் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நான்கு கால் திமிங்கிலங்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றின் கணுக்கால் எலும்பு இரு முனையிலும் கப்பி போல இருந்தது. ஆடு, மாடு, நீர்யானைக்கும் அப்படித்தான். குர்பானி அறுக்கும்போது அந்த எலும்பை நாம் எத்தனை முறை கையில் எடுத்திருப்போம்! மரபணு ஆய்வும் அதே உறவைத்தான் சொல்கிறது.

இது தூரத்துக் கதையுமல்ல. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் இல்லத்திலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்கள் வந்தன. குருவிட்டயில் கிடைத்த பல்லை வைத்து, இங்கே சிங்கமும் வாழ்ந்தது என்று 1939இல் எழுதினார் பி. ஈ. பி. தெரணியகல. அந்த நீர்யானையை அவர் சேர்த்த பேரினம் ஹெக்ஸாப்ரோடொடன். ஆறு முன்பற்கள் என்பதே அதன் பொருள். இன்றைய ஆபிரிக்க நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் நான்கு வெட்டும்பற்கள்தான். ஒரு பல்லைப் பார்த்து இனம் பிரிக்கும் இந்த வித்தையைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

"ஈமான் கெட்டுவிடும்" என்கிறார் ஒருவர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பஸராவின் அல்-ஜாஹிழ் விலங்குகளைப் பற்றிப் பல பாகங்கள் எழுதினார். மனிதனைப் பற்றிய கேள்வி இருந்தால் ஆலிம்களிடம் தாராளமாகக் கேளுங்கள், நாம் குறுக்கே நிற்கவில்லை. அதற்காக நீர்யானை என்ன பாவம் செய்தது?

தோட்டத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் தமிழில் விஞ்ஞானம் படிக்க ஊவாவில் இடம் குறைவு. கிடைத்த வகுப்பையும் நாமே கத்தரிப்பதா? பாடத்தை முழுதாகவே நடத்துவோம். கேள்வியுள்ள பெற்றோர் வகுப்புக்கே வந்து உட்காரலாம்.

ஒக்கம்பிட்டியவிலும் இரத்தினபுரியிலும் கல் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லம் கழுவும்போது கல்லாகிப்போன பல்லோ எலும்போ வந்தால் வீசிவிடாதீர்கள். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதிவைத்து, படம் எடுத்து நமக்கு அனுப்புங்கள். நூதனசாலைக்குச் சொல்வது நம் பொறுப்பு.