பகிர்பவனின் நியாயம்

பதிப்பில் இல்லாத சிறுகதைத் தொகுப்பொன்றை ஸ்கேன் செய்து நண்பர்களுக்கு அனுப்பியவன் நான். அதைத் திருட்டென்று நினைக்கவில்லை; மீட்பென்றே நினைத்தேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை படைப்புக்கு உரிமை நீடிக்கிறது. அதற்குள் எத்தனையோ நூல்கள் மறுபதிப்புக் காணாமலே மறைந்துபோகின்றன. உரிமைக் காலம் முடிந்தவற்றை, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முறையாக இணையத்தில் ஏற்றியது. உரிமையும் தீராமல், கடையிலும் கிடைக்காமல் நடுவே நிற்பவற்றைத்தான் வாசகன் அனுமதியின்றிப் பகிர்கிறான்.

ஆனால் கடையில் கிடைக்கும் நூலையும் அதே கை பகிரும்போது இந்த நியாயம் செல்லாது. கிடைக்காமைதான் நம் வாதமென்றால், கிடைக்கும் அன்று நிறுத்திக்கொள்ளும் நேர்மையும் வேண்டும்.

அத்தொகுப்பு மறுபதிப்பு வந்தபோது காசு கொடுத்து வாங்கினேன். அனுப்பிய கோப்பை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை.