பாத்திரம் அறிதல்

பொருள் தெரியாத சொல்லைவிட, பொருள் தெரிந்துவிட்டதாக நம்பவைக்கும் சொற்பட்டியல் பெருந்தீங்கு விளைவிப்பது என்பது இப்பத்தி பலமுறை எடுத்துரைத்து, அதற்காக வாசகர்களின் கண்டனத்தையும் பெற்றுள்ள கருத்தாகும். இவ்வாரம் அதை மீண்டும் கிளறியது, ஒரு தனியார் நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தமிழில் அச்சிட்டு வழங்கியுள்ள ஒரு கையேடு. டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன் ஆகிய மூன்றையும் சேர்த்து ‘டி.இ.ஐ.’ என்று சுருக்கி வழங்கும் திட்டங்களை 2025 ஜனவரியில் பிறந்த ஆணைகள் அமெரிக்கக் கூட்டரசின் அலுவலகங்களிலிருந்து அகற்றின; அங்கே அடிக்கப்படும் சொற்கள் இங்கே அச்சடிக்கப்படுகின்றன. பொருளைக் கேட்டறியும் அக்கறைதான் இரண்டிடத்திலும் இல்லை.

டைவர்சிட்டிக்குக் கையேடு தரும் ‘பன்மைத்துவம்’ குறை சொல்லத்தக்கதன்று. ஓரிடத்தில் பணிபுரிவோரோ பயில்வோரோ எத்தனை வகையான பின்னணிகளிலிருந்து வந்துள்ளனர் என்பதை அது குறிக்கிறது. அவ்வாறு வந்தவர்களுக்குப் பேச்சிலும் முடிவிலும் பங்கு உண்டா என்று கேட்பது இன்க்ளூஷன். அதற்குக் கையேடு தரும் சொல் ‘உள்ளடக்கம்’. அது நூலின் தொடக்கத்தில் இயல்களை வரிசைப்படுத்தும் பட்டியலின் பெயர் என்பதும், அதனுள் இருக்கும் ‘அடக்கம்’ பணிவையும் பிணத்தைப் புதைப்பதையும் ஒருங்கே குறிக்கும் என்பதும் இப்பத்தியின் பழைய வழக்குகள். ‘உள்வாங்கல்’ என்று மாற்றினால் கடல் பின்வாங்குவது நினைவுக்கு வரும். ‘அரவணைப்பு’ என்றால் ஒருவர் பெரியவராகவும் மற்றவர் குழந்தையாகவும் ஆகிவிடுவர். ‘சேர்த்துக்கொள்ளல்’ என்பதோ தெருவில் விளையாடும் சிறுவர்க்கும் தெரிந்த சொல். பெயருக்கு மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் டோக்கனிசத்துக்கும் அச்சிறுவர்களிடமே சொல் உண்டு. ஆட்டத்தில் நிற்கவிட்டு, ஆட்டக்கணக்கில் சேர்க்காமல் விடப்படும் பிள்ளைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. கால் ஊனமுற்றவரை இழிக்கும் சொல் அதற்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால் கையேட்டில் அதை அச்சிட இயலாது என்பது வேறு. சேர்க்கையைப் பேசும் சொல்லே ஒருவரை வெளியே நிறுத்துகிறது என்பது அதைவிடக் கசப்பான பாடம்.

ஆயினும் பொறுக்க இயலாத பிழை நடுவிலுள்ள ஈக்விட்டியில்தான் நேர்ந்துள்ளது. அதற்கும் ஈக்வாலிட்டிக்கும் சேர்த்து, கையேடு ‘சமத்துவம்’ என்ற ஒரே சொல்லை வழங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஓர் ஆணையின் தலைப்பு, வாய்ப்புச் சமத்துவத்தை மீட்பது பற்றியது. ஜனவரி ஆணைகள் ஒழித்தவையோ ஈக்விட்டித் திட்டங்கள். கையேட்டை நம்பி இச்செய்திகளை வாசிப்பவருக்குச் சமத்துவத்தை மீட்பதற்காகச் சமத்துவம் ஒழிக்கப்படுகிறது என்றே விளங்கும். அனைவருக்கும் ஒரே விதியைப் பொருத்துவது சமத்துவம். அவ்விதி யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்று பார்த்து அதைத் திருத்துவது ஈக்விட்டி. இதற்கு இப்போதைக்குச் ‘சமநீதி’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நேரான வழி, வட கரோலினாவின் டிரேப்பர் என்னும் ஊரில் டூக் பவர் நிறுவனம் நடத்திய டான் ரிவர் அனல்மின் நிலையத்துக்குச் செல்வதாகும். அங்கிருந்த 95 பணியாளரில் 14 பேர் கறுப்பினத்தவர். ஐந்து பிரிவுகளுள் கூலிவேலைப் பிரிவு ஒன்றில் மட்டுமே அவர்களுக்கு இடம் இருந்தது. அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியம், ஏனைய நான்கின் மிகத் தாழ்ந்த ஊதியத்தையும் எட்டவில்லை. பணியிடப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டப்பகுதி நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே நிறுவனம் நிறத்தடையைக் கைவிட்டது. அதே நாளில், ஏனைய பிரிவுகளில் புதிதாகச் சேர விரும்புவோருக்கு, ஏற்கெனவே கேட்ட உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுடன் வொண்டர்லிக், பென்னெட் என்னும் இரு எழுத்துத் தேர்வுகளையும் கட்டாயமாக்கியது. விதி அனைவருக்கும் ஒன்றுதான். ஆனால், 1960 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தின் வெள்ளை ஆடவரில் 34 விழுக்காட்டினரும் கறுப்பு ஆடவரில் 12 விழுக்காட்டினரும் மட்டுமே அப்பள்ளிப் படிப்பை முடித்திருந்தனர். சான்றிதழ் விதி வருமுன் சேர்ந்த வெள்ளையர், சான்றிதழ் இன்றியே அவ்வேலைகளைக் குறைவறச் செய்துவந்தனர்.

கறுப்பினப் பணியாளருள் வில்லி கிரிக்ஸ் உள்ளிட்ட 13 பேர் இவ்விதிகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாற்றுக் கருத்தின்றித் தீர்ப்பளித்தது. நிறுவனத்திடம் தீய நோக்கம் இருந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. படிப்புக் குறைந்த பணியாளரின் கல்விக் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கை நிறுவனமே ஏற்றதையும் அது குறித்துக்கொண்டது. நோக்கம் நல்லதாயினும், வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஒரு சாராரை வடிகட்டினால் அதுவும் பாகுபாடே என்பது தீர்ப்பின் சாரம். விளைவைக் கொண்டு அளக்கப்படும் இப்பாகுபாடே பின்னர் ‘டிஸ்பரேட் இம்பாக்ட்’ என வழங்கியது. மேற்சொன்ன ஏப்ரல் ஆணை கைவைத்ததும் இக்கோட்பாட்டின் மீதுதான்.

தலைமை நீதிபதி வாரன் பர்கர் அத்தீர்ப்பில் துணைக்கழைத்தது சட்டநூலை மட்டுமன்று. தமிழ்ப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த நரியும் கொக்கும் கதையையும்தான். தட்டையான தட்டில் நரி விருந்து வைக்க, நீண்ட அலகுடைய கொக்கு பசியோடு திரும்பியது; கொக்கு குறுங்கழுத்துச் சாடியில் விருந்து வைக்க, நரி பசியோடு திரும்பியது. வகுப்பறைகள் இக்கதையிலிருந்து எடுக்கும் நீதி, வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது. அது பழிவாங்கலுக்கு நற்சான்று தருவதன்றி வேறில்லை. நீதிபதியோ விருந்தாளிகளின் குணத்தை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தார்; இருவருக்கும் பால் ஊற்றப்பட்டது என்பது போதாது, வந்தவர் எவரும் பருகத்தக்க பாத்திரமாக அது இருத்தல் வேண்டும் என்று சட்டத்துக்குப் பொருள் கண்டார்.

தமிழில் ‘பாத்திரம்’ என்ற சொல்லுக்கு ஏனம் என்பதோடு தகுதி என்ற பொருளும் உண்டு. பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு என்னும் பழமொழி அவ்விரண்டாம் பொருளில் நிற்பது. வாங்குபவரின் தகுதியை ஆராய்ந்து இடும்படி கொடுப்பவருக்கு அறிவுரை கூறும் அது, அத்தகுதியின் பக்கத்திலேயே குலத்தையும் அமர்த்திவைப்பது தற்செயல் அன்று. டான் ரிவரில் நிறுவனம் அறிய முயன்றது கையேந்தியவரின் பாத்திரம். நீதிமன்றம் அறியச் சொன்னது ஊற்றுபவர் நீட்டிய பாத்திரம். அக்கையேடு மறுபதிப்புக் காணுமாயின், ஈக்விட்டிக்கு எதிரே எச்சொல்லை இட்டாலும், எந்தப் பாத்திரத்தை அறிவது என்பதை அருகில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.