ரசீது இல்லாத மன்றாட்டு

விசுவாசத்தோடு கேட்கவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்று சாமியார் பிரசங்கம் வைக்கிறார். யாருடைய விசுவாசம் குறைந்தது சாமி?

தேர் எங்க தெருவுக்கும் வரணும் என்று என் அம்மா சாகும் வரை செபமாலை உருட்டினாள். வரவில்லை. தெரு குறுகலாம். தேரைவிட அகலமான சாணி வண்டி தினம் போகுது, வருது. அவளிடம் போய் விசுவாசம் பத்தலைன்னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? கடவுள் மறுத்தாரா, சபை மறுத்ததா என்று பிரித்துப் பார்க்கவிடாத உபதேசம் இது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியது வானத்திலிருந்து இறங்கிய கொத்தனா?

அரசாங்கத்திடமும் மன்றாடினோம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவனைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956-ல் சீக்கியருக்குக் கதவு திறந்தது, 1990-ல் பௌத்தருக்கு. நமக்கு இல்லை. அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அறிக்கை கொடுத்தது. 2022-ல் மறுபடி பாலகிருஷ்ணன் ஆணையம். கோயிலுக்குள்ள பறையன், தாலுகா ஆபீசில் பிற்படுத்தப்பட்டவன். நான் பேங்க் குமாஸ்தா. மனு வாங்கினால் சீல் குத்தி ரசீது கொடுத்தே பழக்கம். இந்த இரண்டு கவுன்ட்டரிலும் அது கிடையாது.

அப்புறம் ஏன் இன்னும் முழங்கால் போடுறீங்க என்கிறார்கள் தோழர்கள். பாபாசாகேப் 1956-ல் நாக்பூரில் காட்டிய வழி இருக்கே என்கிறார்கள். நியாயமான கேள்வி. நானே ராத்திரியில் கேட்டுக்கொள்வதுதான். கடவுள் இருக்கிறாரா என்று தெரியாத ராத்திரிகள் நிறைய. ஆனால் சிலுவையில் தொங்கியவனும் ஏன் கைவிட்டாய் என்றுதானே கத்தினான்? பதில் வரவில்லையே. யோபு கடவுளையே வழக்குக்கு இழுத்தான். திருப்பாடல் 88 இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரி கிடையாது. அதையும் வேதம் என்றுதான் கட்டி வைத்திருக்கிறார்கள். என் செபம் அந்த வகை. வாழ்த்து இல்லை, வழக்கு. வழக்காடுகிறவன் எதிராளி இருக்கிறான் என்று நம்பித்தானே படியேறுகிறான்? என் விசுவாசம் அவ்வளவுதான், கூடுதலாகக் காட்டினால் பொய்.

போன மாதம் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஒன்று தேருக்கு, ஒன்று அந்த 1950 ஆணைக்கு. பூசைக்குள்ள அரசியல் வேண்டாம் தம்பி என்று தாளைத் திருப்பித் தந்தார்கள். மழைக்காகவும் ஆட்சியாளர்களுக்காகவும் மன்றாடினார்கள்.

இந்த ஞாயிறும் அதே தாளைக் கொண்டுபோகிறேன். வாங்காவிட்டால் பெஞ்சிலிருந்தே சத்தமாக வாசிப்பேன்.