சமாதானமும் பெண்களும்

யுத்தம் செய்வது ஆண்களின் வேலை, யுத்தம் ஓய்ந்தபின் சமாதானம் பேசுவதும் ஆண்களின் வேலை, இடையில் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுவது மாத்திரம் பெண்களின் வேலை என்பதாக உலகத்தார் வெகுகாலமாய் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு கடவுள் செய்ததென்று சிலரும், இயற்கை செய்ததென்று சிலரும் சொல்லுகிறார்கள். யார் செய்திருந்தாலும் இதனால் லாபம் அடைந்தவர்கள் யார் என்று பார்த்தால் செய்தவர்கள் யார் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2000-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி 1325 என்ற எண்ணுள்ள ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிற்று. சமாதானப் பேச்சிலும், பாதுகாப்பு வேலையிலும், யுத்தத்திற்குப் பின் நாட்டைச் சீர்திருத்துவதிலும் பெண்களுக்குச் சரியான பங்கு கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நல்ல தீர்மானந்தான். ஆனால் நடந்தது என்ன? 1992 முதல் 2019 வரை உலகத்தில் நடந்த பெரிய சமாதானப் பேச்சுகளில் பேச உட்கார்ந்தவர்களில் 100-க்கு 13 பேர்தான் பெண்கள். கையெழுத்துப் போட்டவர்களில் 100-க்கு 6 பேர். இது ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவர்களே வெளியிட்ட கணக்கு. தீர்மானம் போடுவதற்கு ஆகும் செலவு காகிதமும் மையுந்தான். நாற்காலியைக் காலி செய்வதென்றால் அல்லவா மனம் வலிக்கிறது!

நிற்க, இடம் கொடுக்கப்படாதபோது பெண்கள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியா தேசத்தின் கதையை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தேசத்தில் 1989-ல் ஆரம்பித்த உள்நாட்டு யுத்தம் இடையில் சிறிது ஓய்ந்து மறுபடியும் மூண்டு 2003 வரை நடந்தது. மாண்டவர்கள் சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம் பேர் என்கிறார்கள். பள்ளிக்கூடத்திற்குப் போகவேண்டிய பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, போதை மருந்தையும் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பினார்கள். ஒருபக்கம் அதிபர் சார்லஸ் டெய்லர், மறுபக்கம் கலகக்காரர்கள். இருவருக்கும் நடுவில் கற்பழிக்கப்பட்டவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் பெண்களே.

யுத்தம் ஆரம்பித்தபோது 17 வயதுப் பெண்ணாயிருந்து, பிறகு துப்பாக்கி பிடித்த சிறுவர்களைத் திருத்தும் வேலையில் பழகியவர் லேமா போவீ என்ற அம்மையார். அவர் கிறிஸ்தவப் பெண்களைத் திரட்டினார். போலீசில் அதிகாரியாயிருந்த ஆசாத்து பா கென்னத் என்ற அம்மையார் முஸ்லிம் பெண்களைத் திரட்டினார். இரண்டு மதத்தாரும் ஒன்றாய் உட்காருவதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் குண்டு வந்து விழும்போது மதம் விசாரித்துக்கொண்டு விழுவதில்லை என்பது எல்லாருக்கும் அனுபவத்தில் தெரிந்திருந்தபடியால் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. நகை எதுவும் இல்லாமல் வெள்ளை உடையோடு, மன்ரோவியா நகரத்தில் அதிபரின் கார் போகிற வழியிலுள்ள மீன் சந்தை மைதானத்தில் நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். புருஷர்களோடு படுப்பதில்லை என்றும் ஒரு கட்டுப்பாடு செய்தார்கள். இதனால் யுத்தம் நிற்கவில்லை, பத்திரிகைக்காரர்கள்தான் ஓடிவந்தார்கள் என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்காய் மழையில் உட்கார்ந்ததை எழுதாத பத்திரிகைகள் இதை மாத்திரம் எழுதின என்றால் பத்திரிகை நடத்தும் ஆண்களின் யோக்கியதையை நாம் தனியே சொல்லவேண்டுமா?

இந்தப் பெண்கள் பிரார்த்தனையும் செய்தார்கள், உபவாசமும் இருந்தார்கள். இதை நாம் மறைக்கப் போவதில்லை. அவர்களுக்கு அது தைரியம் கொடுத்திருக்கலாம். ஆனால் 14 வருஷ காலம் கோயிலிலும் மசூதியிலும் நடந்த பிரார்த்தனைக்கு அசையாத துப்பாக்கி, பெண்கள் தெருவில் வந்து உட்கார்ந்த சில மாதத்தில் அசைந்தது ஏன் என்று பிரார்த்தனையை நம்புகிறவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

2003 ஏப்ரலில் அதிபர் அவர்களைப் பார்க்கச் சம்மதித்தார். சமாதானப் பேச்சுக்கும் இணங்கினார். ஜூன் 4-ந் தேதி கானா தேசத்து அக்ரா நகரத்தில் பேச்சு ஆரம்பமாயிற்று. ஊரில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, கலகத் தலைவர்கள் ஓட்டலில் சுகமாய்த் தங்கி, எனக்கு எந்த மந்திரிப் பதவி, உனக்கு எந்த இலாகா என்று வாரக்கணக்காய்ப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் மன்ரோவியாவில் குண்டு மழை பெய்தது. அந்தச் செய்தி வந்த நாளில் வெள்ளை உடைப் பெண்கள் சுமார் இருநூறு பேர் பேச்சு நடக்கும் மண்டபத்தின் வாசலில் கையோடு கை கோத்து உட்கார்ந்து, சமாதானம் முடிவாகாமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று மறித்துவிட்டார்கள்.

காவலர்கள் போவீ அம்மையாரைக் கைது செய்ய வந்தார்கள். அந்த அம்மையார் தம் உடையைக் களைய ஆரம்பித்தார். தாயின் நிர்வாணத்தைப் பார்ப்பது சாபம் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். அது மூடநம்பிக்கைதான், சந்தேகமில்லை. ஆனால் ஆண்கள் ஏற்படுத்திய மூடநம்பிக்கை ஆயிரம் வருஷமாய்ப் பெண்களின் கழுத்தை நெரித்திருக்க, ஒருநாள் அது ஆண்களின் கையைக் கட்டியதற்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை.

வெளியே தாண்டிப் போகப் பார்த்த கலகத் தலைவர்களை, மத்தியஸ்தம் செய்த நைஜீரியத் தளபதி அபுபக்கர் அவர்கள் நீங்கள் உண்மையான ஆண்களா என்று கடிந்து உள்ளே அனுப்பினாராம். நல்ல காரியந்தான். ஆனாலும் அந்த நல்ல மனிதருடைய வாயிலும் 'ஆண்' என்ற வார்த்தைதானே யோக்கியதைக்கு அடையாளமாய் வந்தது! யோக்கியமாய் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களோ பெண்கள்.

அதன்பின் பேரம் குறைந்தது. ஆகஸ்ட் 11-ந் தேதி டெய்லர் பதவியை விட்டு வெளியேறினார். 18-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இது முழுவதும் பெண்களால் மாத்திரம் ஆயிற்று என்று நாம் சொல்லவில்லை. கலகக்காரர்கள் நகரத்தை நெருக்கியதும், டெய்லர் மேல் சர்வதேசக் குற்றச்சாட்டு வெளியானதும், அயல்நாட்டுச் சேனை வந்ததும் காரணங்களே. ஆனால் ஆயுதங்களை ஒப்படைக்கச் செய்யும் வேலை 2003 டிசம்பரில் குழப்பமாய் முடிந்தபோது, துப்பாக்கிப் பிள்ளைகளைச் சமாதானம் செய்ய இந்தப் பெண்களின் உதவி வேண்டியிருந்தது. யார் பிள்ளை, எந்த ஊர், எதற்கு அடங்குவான் என்பது தாய்மாருக்குத் தெரிந்திருந்தது. 2005 தேர்தலில் எல்லென் ஜான்சன் சர்லீஃப் என்ற அம்மையார் வெற்றி பெற்றார். ஆப்பிரிக்காவில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அதிபர் அவரே.

நம்மவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 2007-ல் நம் இந்தியாவிலிருந்து மத்திய ரிசர்வ் போலீசைச் சேர்ந்த 100-க்கு மேற்பட்ட பெண்கள் அந்தத் தேசத்திற்குக் காவல் காக்கப் போனார்கள். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய முதல் பெண் போலீஸ் படை அது. ராத்திரியில் மன்ரோவியாத் தெருக்களில் ரோந்து சுற்றினார்கள். அதிபரின் ஆபீசுக்குக் காவல் நின்றார்கள். ஒன்பது வருஷ காலம் மாறி மாறிச் சென்று 2016-ல் திரும்பினார்கள். இவர்களைப் பார்த்துத் தாங்களும் போலீசில் சேர்ந்த லைபீரியப் பெண்கள் பலர். இருட்டின பிறகு பெண் வெளியே போகலாமா என்று திண்ணையில் விவாதம் செய்யும் பெரியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

பெண்கள் இயற்கையாகவே மென்மையானவர்கள், ஆதலால் அவர்களுக்குச் சமாதானம் நன்றாய் வரும் என்று சில புத்திசாலிகள் இப்போது சொல்லுகிறார்கள். இந்தப் புகழ்ச்சியும் நமக்கு வேண்டாம். லைபீரியாவில் துப்பாக்கி எடுத்துப் படை நடத்திய பெண்களும் இருந்தார்கள். மென்மை என்று சொல்லி மேஜைக்குக் கூப்பிடுகிறவன், நாளைக்கு மென்மை போதாது என்று சொல்லி எழுப்பியும் விடுவான். குண்டு விழுந்த வீட்டில் பாதிப்பேர் பெண்களாயிருப்பதால் அவர்களுக்கு இடம் வேண்டும். அதற்குமேல் காரணம் எதற்கு?

நம் ஊர் விஷயத்திற்கு வருவோம். ஜாதிச் சண்டையில் குடிசை எரிந்தால், தாசில்தார் ஆபீசில் சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். இருதரப்புப் பெரிய மனிதர்களும், போலீஸ் அதிகாரியும், கட்சிக்காரர்களும் வந்து உட்காருகிறார்கள். பெரும்பாலும் எல்லாரும் வேட்டி. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தகராறு ஆரம்பித்தது, எந்தப் பையன் எந்தப் பெண்ணைக் கேலி செய்தான் என்று அறிந்தவள் வெளியில் மரத்தடியில் கைப்பிள்ளையோடு நிற்கிறாள். பஞ்சாயத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்திருக்க, தலைவி வீட்டில் இருக்கத் தலைவியின் புருஷன் கூட்டத்திற்கு வருவதும் நாம் காணாததல்ல.

ஆகவே, அப்படிப்பட்ட கூட்டத்திற்கு நம் தோழர்கள் எவருக்காவது அழைப்பு வந்தால், அழைக்கப்பட்டவர்களின் ஜாபிதாவை முதலில் கேட்டு வாங்கி, எரிந்த தெருவின் பெண்கள் பேர் அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் எழுதிச் சேர்க்கச் சொல்லவேண்டும். சேர்க்கமாட்டோம் என்றால், தம் நாற்காலியை அந்த மரத்தடிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் வெளியில் நின்று கைப்பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும்.