ஆபுத்திரன் கண்ட எலும்புகள்

ஓர் உடல் மடிந்தபின் அதன் நினைவு வேறோர் உடலில் விழித்தெழுமா? கூலவாணிகன் சாத்தனார் தம் மணிமேகலையில் அத்தகைய கதையொன்றைக் கூறுகிறார்.

ஆபுத்திரன் மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, இரந்து பெற்ற உணவைக் கண்ணற்றோர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டவன். தேவி அவனுக்கு வற்றாத அமுதசுரபியை அளித்தாள். பின்னர்க் கடற்பயணத்தில், ஆளற்ற மணிபல்லவத் தீவில் அவன் தனித்து விடப்பட்டான். பிறர் பசி தீர்க்காத பாத்திரத்தால் தான்மட்டும் வாழ விரும்பாது, அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் துறந்தான்.

மறுபிறப்பில் சாவக நாட்டு மன்னனாகி அத்தீவுக்கு வந்தவன், முற்பிறப்பை உணர்ந்து, மணலுள் புதைந்த தன் எலும்புகளையே கண்டான். அரசைத் துறக்க எண்ணினான். மணிமேகலையோ, மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அறம் என உணர்த்தி, நாடாளத் திருப்பி அனுப்பினாள்.

மறுபிறவியைத் திருச்சபை ஏற்பதில்லை. மனிதனுக்கு வாழ்வு ஒன்றே. ஆகவே முன்னோர் பட்ட பசி நம் பிள்ளைகளின் நினைவில் தானே விழிக்காது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட துயரைப் பெரியோர் சொல்லியே நாம் அறிந்தோம். பெற்றோரே, செபமாலை முடிந்தபின் அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேட்ட நினைவு, பசித்த அயலானுக்கு ஒரு பிடி சோறாகட்டும்.