ஒரே குடத்தில் இரு உயிர்கள்

இரட்டை வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. பழத்திற்கும் பிள்ளைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இரட்டைக் கர்ப்பத்தைப் பற்றிய நமது அறிவு பெரும்பாலும் இம்மட்டோடு நின்றுவிடுகிறது. எனவே, வாலிநோக்கம் முதலிய கடலோரச் சிற்றூர்க் குடும்பங்களை மனத்திற்கொண்டு இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

இரு கருமுட்டைகள் தனித்தனியே கருவுற்றால், ஒவ்வொரு சிசுவுக்கும் தனி நஞ்சுக்கொடியும் தனிப் பனிக்குடமும் அமையும். ஒரே கரு இரண்டாய்ப் பிளந்தாலோ, பிளக்கும் நாளைப் பொறுத்து அமைப்பு மாறும். முதல் 3 நாட்களுக்குள் பிளந்தால் எல்லாம் தனித்தனி. 4 முதல் 8 நாட்களுக்குள் என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் இரண்டும் ஒவ்வொன்றே. இக்கடைசி வகை ஏறத்தாழ 10,000 கர்ப்பங்களில் ஒன்றுதான்.

இங்கேதான் அபாயம். இடையே திரை இல்லாததால் இரு தொப்புள்கொடிகளும் பின்னிக்கொள்கின்றன. முடிச்சு இறுகினால், தாய்க்கு வலியேதும் தோன்றாமலே சிசுவின் உயிர் பிரியக்கூடும். குடம் இரண்டாய், நஞ்சுக்கொடி ஒன்றாய் அமைந்த கர்ப்பங்களிலோ, நூற்றுக்கு 10 முதல் 15 வரை வேறோர் இடர் நேர்கிறது. ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்து, ஒன்று வாடும். மற்றதன் இருதயம் சுமை தாங்காது தளரும். இணைந்த இரத்தக்குழாய்களை லேசர் ஒளியால் அடைக்கும் சிகிச்சையை 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா தொடங்கினார். இன்று அது சென்னையிலும் செய்யப்படுகிறது.

ஆனால், காலத்தே அறிந்தாலன்றிச் சிகிச்சையால் பயனில்லை. நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதை 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் தெளிவாய்க் காட்டும். கண்ணேறு படுமென்று மூன்று மாதம் மறைத்துவைக்கும் வழக்கம் இந்நாட்களையே விழுங்கிவிடுகிறது. ஊராருக்குச் சொல்லாதிருக்கலாம், கிராம சுகாதாரச் செவிலியருக்குச் சொல்லாதிருத்தல் தகாது. பின்னர் வயிறு திடீரெனப் பெருத்தாலோ, மூச்சு முட்டினாலோ, அசைவு குறைந்தாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஏழாம் மாதம் வளையலிட்டுத் தாய்வீட்டுக்கு அழைப்பது நம் வழக்கம். ஒரே குடத்தில் இருவரைச் சுமப்பவளுக்கோ, 26 அல்லது 28ஆம் வாரம் முதலே நெருங்கிய கண்காணிப்பு தேவை. பலரை மருத்துவமனையிலேயே தங்கச் சொல்வர். சிசுக்களின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசியிட்டு, 32 முதல் 34 வாரங்களுக்குள் அறுவை மூலம் பிள்ளைகளை எடுப்பர். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2022இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும் இறுகும் முடிச்சு வண்டிக்காகக் காத்திராது. ஆதலால் உப்பளக்கரைத் தாய்வீட்டைவிட, குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் வசதியுள்ள மருத்துவமனையே அவளுக்கு அப்போது தாய்வீடு. அன்னையர் சோற்றுப்பாத்திரத்துடன் அங்கே செல்லட்டும்.

வயிற்றில் இரட்டையர் மோதிக்கொண்டபோது ரெபேக்கா கலங்கியதை நாம் அறிவோம். ஒவ்வொரு காலையும் இரு இருதயத் துடிப்புகளும் கேட்கின்றனவா என்று அஞ்சி விழிக்கும் பெண்ணின் கலக்கமும் சிறிதன்று. அவள் எதையோ தின்றதால், எங்கோ நடந்ததால் இது நேர்ந்ததென்று மாமியாரும் நாத்தனாரும் பழி சொல்லலாகாது. கணவர் கடலுக்குச் செல்லும் நாட்களிலும் அவளுக்கு ஒரு துணை இருக்கட்டும். ஒரு பிள்ளை தவறிவிட்டால், மற்றது இருக்கிறதே என்று ஆறுதல் கூறாதீர்கள். அவள் சுமந்தது இருவரை. ஒருவருக்காக அழ அவளுக்கு உரிமையுண்டு.