அணு எரிபொருள் ஏற்றும் ரெயில்: பெட்டி உறுதிதான்... கண்காணிப்பு உறுதியா?

காஞ்சீபுரம்,

காஞ்சீபுரம் மாவட்டம் புள்ளலூர் என்றாலே 1780-ம் ஆண்டு நடந்த போர்தான் ஞாபகத்துக்கு வரும். கர்னல் பெய்லி தலைமையில் வந்த வெள்ளைக்காரர் படையை ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகள் இங்கேதான் மடக்கின. கூடவே கொண்டு வந்த வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் வெள்ளைக்காரர் கதை முடிந்தது.

ஆபத்தான சரக்கு, கிடங்கில் இருப்பதை விட வழியில் போகும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. இப்போது அதே பேச்சு, அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியம் எரிபொருளை ரெயிலில் அனுப்புவது பற்றி எழுந்துள்ளது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

வெடிக்காது, ஆனால்...

உலையில் இருந்து எடுத்த எரிபொருளில் கடும் சூடும் கதிர்வீச்சும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் தொட்டியில் போட்டு ஆற வைக்கிறார்கள். பிறகு மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புகிறார்கள். இது அணுகுண்டு மாதிரி வெடிக்கிற சரக்கு இல்லை. ஆனால் பெட்டி திறந்துகொண்டால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பக்கத்தில் உள்ள கல்பாக்கத்தில் உலையும், மறுசுத்திகரிப்பு ஆலையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்த ஊருக்கு ரெயில் பாதையும் கிடையாது. ராஜஸ்தான் மாநிலம் ராவத்பட்டா கதை வேறு. அங்கிருந்து எரிந்த எரிபொருள் மராட்டிய மாநிலம் தாராப்பூர் ஆலைக்கு ரெயிலில் போயிருக்கிறது.

கூடங்குளம் எரிபொருள் அந்த வளாகத்திலேயே கிடக்கிறது. அதற்கு தனி கிடங்கு கட்ட, 2022 ஏப்ரல் வரை சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் அவகாசம் கொடுத்தது. கிடங்கு என்பது தங்கல்தானே தவிர, முடிவு இல்லை. மறுசுத்திகரிப்புக்கு வெளியூர் அனுப்புவதென்றால் ஒரு நாள் பயணம் புறப்பட்டே ஆக வேண்டும்.

என்ஜின் மோதியும் உடையவில்லை

இந்த சரக்கு போகும் பெட்டி லேசுப்பட்டது இல்லை. 9 மீட்டர் உயரத்தில் இருந்து கெட்டி தளத்தில் விழுந்தாலும் தாங்க வேண்டும். 800 டிகிரி நெருப்பில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். 200 மீட்டர் ஆழ தண்ணீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். இது உலக அணுசக்தி முகமை வகுத்த விதி.

இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். தண்டவாளத்தில் பெட்டியை போட்டு, சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் ரெயிலை மோத விட்டார்கள். என்ஜின் நொறுங்கியது. பெட்டி உடையவில்லை.

அப்படி என்றால் பிரச்சினை எங்கே? பெட்டியில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது.

ஜெர்மனியில் 1998-ம் ஆண்டு ஒரு விஷயம் அம்பலமானது. பெட்டிகளின் வெளிப்பக்கத்தில் அனுமதித்த அளவை விட கதிரியக்க கசடு அதிகம் ஒட்டியிருந்தது. சம்பந்தப்பட்ட கம்பெனிகளுக்கு இது பல வருடமாகவே தெரியும். யாரும் வாயை திறக்கவில்லை. அப்போது சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஏஞ்சலா மெர்க்கல் அந்த ரெயில்களையே நிறுத்தினார். 2001-ம் ஆண்டுதான் மறுபடியும் ஓடின.

தேர்வு எழுதியவரே மார்க் போட்டால்?

நம் நாட்டில் இதை கண்காணிக்க 1983-ம் ஆண்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. பெட்டிக்கு அனுமதி கொடுப்பதும் இந்த வாரியம்தான். ஆனால் உலை நடத்தும் அதே அணுசக்தி துறையின் கீழ்தான் வாரியமும் இருந்தது. தேர்வு எழுதியவரே மார்க் போட்ட கதை. வாரியத்துக்கு போதிய அதிகாரம் இல்லை என்று 2012-ம் ஆண்டு தலைமை கணக்கு தணிக்கை அதிகாரியும் குட்டு வைத்தார்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை மேற்பார்க்கும் வேலை, 2000-ம் ஆண்டிலேயே வாரியத்திடம் இருந்து பறிக்கப்பட்டு, அந்த மையத்தின் சொந்த குழுவிடம் போனது. 2003-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் 6 ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊருக்கு விஷயம் தெரிய மாதக்கணக்கில் ஆனது.

2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சாந்தி சட்டம், வாரியத்துக்கு சட்ட அந்தஸ்து கொடுத்துள்ளது. அதே சட்டம் தனியாரும் அணு மின் நிலையம் நடத்த வழி திறந்துள்ளது. உலைகள் பெருகினால் இந்த சரக்கும் பெருகும்.

கேட் கீப்பருக்கு யார் சொல்வது?

அமெரிக்காவில் இப்படி ஒரு சரக்கு மாநிலத்துக்குள் வரும் முன்பே கவர்னருக்கு தகவல் கொடுக்க வேண்டும். இங்கே ரெயில் கவிழ்ந்தால் முதலில் ஓடி வருவது கேட் கீப்பர், டிராக் ஊழியர், தீயணைப்பு வீரர், பக்கத்து வயலில் வேலை செய்பவர். எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், யாருக்கு போன் போட வேண்டும் என்று இவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பதில் ரகசியம் எதுவும் வெளியே போய்விடாது.

ரெயில் எந்த நாள், எந்த பாதையில் போகிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். போய் சேர்ந்த பிறகு, அளந்த கதிர்வீச்சு கணக்கை ஜனங்களுக்கு சொல்வதில் என்ன ரகசியம்? தண்டவாளத்து ஓரம் குடியிருப்பவர்களுக்கு இதை கேட்க எல்லா உரிமையும் இருக்கிறது.